பல்லி சொன்ன சம்பந்தம்

“கேசரி எங்க ரேவதி கையால பண்ணதுங்க” என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, ‘ச்சிக் ச்சிக் ச்சிக்’ என்று பல்லி கத்தியது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள். சரோஜா அத்தை ஜமக்காளத்துக்கு வெளியே கையை நீட்டித் தரையைத் தட்டினார். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே தட்டினார். மாப்பிள்ளையின் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். மாப்பிள்ளையின் அம்மா தறியை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் தறிமரத்தைத் தட்டினார். அவர் விரலில் பெரிய பவழ மோதிரம். அது மரத்தில் பட்டு ‘டொக் டொக்’ என்று தெருவரை கேட்டது.

“பல்லியே சொல்லிடுச்சு. இனிமே நாங்க வேற சாப்ட்டுப் பாக்கணுமா இன்னா” என்று அவர் சிரித்தார்.

கேசரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் இருந்து வந்தது. வாங்கி வந்தவள் நான். என் தங்கை ரேவதிக்குக் கேசரிக்கும் உப்புமாவுக்கும் உள்ள வித்தியாசம் நிறத்தை வைத்துத்தான் தெரியும்.

அது போகட்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரிப் பொய் சொல்லாத குடும்பம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. அந்தச் சத்தம் சுவரில் இருந்து வரவில்லை. தறிக்குழிக்குள் இருந்து வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அப்பா வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தறிக்கு அடியில் ஒரு குழி உண்டு. அன்று விருந்தாளிகளுக்காக அப்பா தறியை நிறுத்தி, பாதி நெய்த புடவையின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார். வேட்டி தரைவரை தொங்கியது. குழி யார் கண்ணுக்கும் படாத தனி அறையாகிவிட்டது.

பல்லிகள் குழியில் குடியிருப்பதில்லை. இந்தப் பல்லிக்கு வயது ஐந்து. பெயர் யாழினி. என் மகள்.

தங்கமும் வெள்ளியும்

போன வாரம் எங்கள் ஸ்கூல் ஆண்டு விழாவில் மைக் செட்டு புகைந்த கதையை எழுதியிருந்தேன். ‘நீங்கள் வேலை பார்ப்பது பள்ளிக்கூடமா, சர்க்கஸா’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, சர்க்கஸில் காசு கொடுத்தவர்கள் கைதட்டுவார்கள். எங்களிடம் காசு கொடுத்தவர்கள் வாட்ஸப்பில் எழுதுவார்கள். அந்த வாட்ஸப்புக்கும் தறிக்குழிப் பல்லிக்கும் சம்பந்தம் இருப்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பல்லி விஷயம் தெரியாத இளைய தலைமுறைக்காக முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது பல்லி கத்தினால், சொன்னது சத்தியம். உடனே விரலை மடக்கி எதையாவது தட்டிப் பல்லிக்குப் பதில் சொல்ல வேண்டும். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் தட்டாமல் இருந்தவர் யாரும் இல்லை. யோசித்துத் தட்டுவதும் கிடையாது. கொட்டாவி வந்தால் வாயைப் பொத்துவது மாதிரி கை தானாகப் போய்விடும். என் கணவர் கம்ப்யூட்டர் படித்தவர், எதையும் நம்பாதவர் என்று தானே சொல்லிக்கொள்கிறவர். பல்லி கத்தினால் லேப்டாப்பைத் தட்டுவார்.

காஞ்சிபுரத்தில் பல்லிக்கு மரியாதை கூடுதல். பெருமாள் கோயில் கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. தொட்டால் தோஷம் போகும். நாங்கள் சிவன் கோயில் ஆட்கள். பிரதோஷம் தப்பாது, பங்குனித் தேர் தப்பாது. ஆனால் தோஷம் என்று வந்துவிட்டால் மட்டும் சத்தம் போடாமல் பெருமாள் கோயிலுக்குப் போய், வெளியூர் பஸ்ஸில் வந்தவர்களோடு வரிசையில் நின்று பல்லியைத் தொட்டுவிட்டு வந்துவிடுவோம். சிவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தத் துறைக்கு அதிகாரி சரோஜா அத்தை, அப்பாவின் அக்கா. தினசரி காலண்டரின் பின்பக்கம் அவருக்கு மனப்பாடம். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, எந்தத் திசையில் கத்தினால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மாமாவை அவர் கட்டிக்கொண்டதே பல்லி சொல்லித்தான். மாமா குடித்துவிட்டு வரும் நாட்களில் அந்தப் பல்லியைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கக் கூடாது.

கூச்சப் பல்லி

நான் யூ.கே.ஜி. டீச்சர். மதியம் கடைசி வகுப்பு என் தலையில். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்திருக்கும், வேன் வந்திருக்காது, அம்மா ஞாபகம் வந்திருக்கும். ஒன்று அழ ஆரம்பித்தால் வரிசையாக எல்லாம் அழும். அதற்கு ஒரே மருந்து சிரிப்புக் கதை.

ஐந்து வயதுக்காரர்களைச் சிரிக்க வைப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மதியம் வந்து பார்க்கலாம். பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் சிரிப்பார்கள். ரொம்பப் பெரியவர் விழுந்தால் ரொம்பச் சிரிப்பார்கள். கோயில் யானைக்கு ஜட்டி போட்டால் வகுப்பே தரையில் உருளும். ஆனால் நேற்று பச்சை ஜட்டி போட்ட யானைக்கு இன்று சிவப்பு ஜட்டி போட்டால், “மிஸ், பொய் சொல்றீங்க” என்று எழுந்து நிற்பார்கள். கதையில் யானைக்கு ஜட்டி இருக்கலாம். நிறம் மட்டும் மாறக் கூடாது.

அப்படி நான் கட்டிய கதைதான் கூச்சப் பல்லி. ஒரு வீட்டில் டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி இருந்தது. யாராவது பொய் சொன்னால் அதற்கு வாலில் கிச்சுகிச்சு மூட்டுவது போல் இருக்கும். தாங்க முடியாமல் ‘ச்சிக் ச்சிக்’ என்று சிரித்துவிடும்.

அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு போனில், “தோ, வந்துக்கினே இருக்கேன், ரயில்வே கேட்டாண்ட நிக்கறேன்” என்பார். பல்லி: ச்சிக் ச்சிக். அம்மா விருந்தாளியிடம், “இன்னா அதுக்குள்ள கெளம்பிட்டீங்க, இருந்து சாப்ட்டுப் போலாமே” என்பாள். ச்சிக் ச்சிக். மிஸ், “நாளைக்கு கண்டிப்பா எல்லாரையும் பார்க்குக்குக் கூட்டிக்கினு போறேன்” என்பாள். இந்த இடத்தில் பிள்ளைகளே கத்துவார்கள், என் தொண்டைக்கு வேலை இல்லை.

சிரித்துச் சிரித்து ஒருநாள் பல்லியின் வால் அறுந்து விழும். வால் மட்டும் தரையில் துள்ளித் துள்ளித் தனியாகச் சிரிக்கும். வகுப்பு முழுவதும் அந்த வாலாக மாறி பெஞ்சுக்கு அடியில் துள்ளும். கடைசியில், இந்த வீட்டில் இருந்தால் உயிர் போய்விடும், கோயிலில்தான் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பல்லி கோயிலுக்குப் போகும். அங்கே கூரையில் ஏறிய நேரம் பார்த்து கீழே ஒரு மாமா, “சாமி, இனிமே நான் பொய்யே சொல்ல மாட்டேன்” என்பார். அவ்வளவுதான். வந்த சிரிப்பில் பல்லி அப்படியே விறைத்துத் தங்கமாகிவிடும்.

இதுதான் கதை. இதில் யாரும் திருந்துவதில்லை. பல்லியும் திருந்துவதில்லை.

நீதி எங்கே, டீச்சர்?

ஒரு வாரத்தில் பெற்றோர் வாட்ஸப் குழு கொதித்தது. ஒரு அப்பா ஆபீசுக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். பின்னால் இருந்து ச்சிக் ச்சிக். ஒரு அம்மா புதுப் புடவையை மாமியாரிடம் பழைய புடவை என்று சொல்லியிருக்கிறார். ச்சிக் ச்சிக். ‘மிஸ் குழந்தைகளுக்கு ஒழுக்கம் சொல்லித் தரவில்லை’ என்று இருவரும் கைகூப்பிய படத்தோடு எழுதியிருந்தார்கள்.

எங்கள் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பள்ளியைத் தொடங்குவதற்கு முன்பு கல்யாண மண்டபம் நடத்தியவர். பெற்றோரை இன்றும் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்ற கண்ணோடுதான் பார்ப்பார். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று மட்டும்தான் கேட்க மாட்டார்.

“டீச்சர், கதைக்கு மாரல் என்ன?”

“சிரிக்கறதுதான் சார்.”

“சிரிக்கறது மாரல் இல்ல டீச்சர். அது சைடு எஃபெக்ட். நம்ம ஸ்கூல்ல ஒவ்வொரு கதைக்கும் கடைசியில நீதி வரணும். பேரன்ட்ஸ் எதிர்பாக்கறாங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு முடிங்க.”

சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் கேட்க வேண்டும். அன்று மதியம் அவரே வகுப்புக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதையைச் சொன்னேன். வால் அறுந்தது, தங்கமானது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆகவே குழந்தைகளே, நாம் யாரும் எப்போதும் பொய் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டோம்” என்று முடித்தேன்.

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ச்சிக் ச்சிக்.

தாளாளர் எழுந்து நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். “பசங்களா, இந்த ஸ்கூல்ல படிக்கற ஒவ்வொருத்தரையும் நான் என் சொந்தப் பிள்ளையாத்தான் நினைக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. அவருடைய சொந்தப் பிள்ளைகள் படிப்பது சென்னையில் என்று வேன் டிரைவர் சொல்லித்தான் எங்கள் எல்லாருக்குமே தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

கூச்சப் பல்லிக்கு அன்றோடு தடை. இப்போது முயலும் ஆமையும் ஓடுகின்றன. பிள்ளைகள் தூங்குகிறார்கள், தாளாளருக்குத் திருப்தி.

யாழினி என் வகுப்பில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தி, “இனிமே பல்லி விளையாட்டு கூடாது. ஸ்கூல்லயும் கூடாது, வீட்லயும் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவளும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என் தலையில்தான்.

ராகுகாலத்துக் கார்

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்க்க வந்தார்கள். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். நல்ல வசதி, ஒரே பையன். அப்பாவுக்கு இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று இருந்தது. கடைசிப் பெண் கரையேறிவிட்டால் நிம்மதி என்று அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த வாரம் முழுவதும் தறியில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தார்.

ரேவதிக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதில்லை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் சரி என்று முத்திரை குத்தாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டாது. விடியற்காலையில் தெருமுனையில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். ‘வேலையை விட மாட்டேன்’ என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. இதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் அந்த வார்த்தையில்தான் நின்று போயின.

மில்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலம். அது முடியும்வரை நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் படியேறக் கூடாது, வந்தவர்களை ‘வாங்க’ என்று நாமும் கூப்பிடக் கூடாது. அதனால் அவர்கள் எங்கள் வாசலிலேயே காரை நிறுத்தி ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவை அடைத்த அந்தக் காருக்கு முன்னும் பின்னும் பைக்குகள் ஹாரன் அடித்தன. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர்கள் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் இருந்தோம்.

குழந்தைகளுக்கு ராகுகாலம் கிடையாது. யாழினி காரைப் பார்க்க ஓடினாள். கதவைத் திறந்து உள்ளே உட்கார்த்திக்கொண்டார்கள். திரும்பி வரும்போது கையில் பெரிய சாக்லேட்.

என்ன சாக்லேட் என்று எல்லாரும் கேட்டோம். அங்கே என்ன பேசினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். குழந்தைக்குச் செவி இருப்பது தடுப்பூசி போடும் நாளில் மட்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

பல்லி சும்மா இருக்குதே

இனி கேசரிக்கு வருகிறேன்.

முதல் பல்லிச் சத்தத்தில் கூடமே மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. சிகரெட்டு, தண்ணி எதுவும் தொட மாட்டான்” என்றார்.

சத்தம் இல்லை.

யாழினிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் கத்தவில்லை. ஆனால் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அத்தை மெதுவாக முகத்தைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். “இன்னா, பல்லி சும்மா இருக்குதே” என்றார்.

மில்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, “தொடவே மாட்டான்” என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். கூரை பேசவில்லை. மாப்பிள்ளை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

“எப்பனா ஒரு வாட்டி. ஃப்ரெண்டு கல்யாணத்துல, பீர் மட்டும்” என்றார் தரையைப் பார்த்து. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்போது ரேவதி காபித் தட்டை வைத்துவிட்டு மில்காரரை நிமிர்ந்து பார்த்தாள். “ஒண்ணு கேட்டுக்கறேன் மாமா. கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போவேன். அதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லயே?”

“அதெல்லாம் உன் இஷ்டம்மா. எத்தினி வருசம் வேணாலும் போ. எங்க வீட்ல பொண்ணுங்கள தடுக்கற பழக்கமே கெடையாது.”

ச்சிக் ச்சிக் ச்சிக் ச்சிக்.

கூடம் முழுவதும் தட்டியது. மோதிர விரல் தறிமரத்தில் டொக் டொக்கென்று தட்டியது. யாழினியின் தலைக்கு நேர் மேலே அந்த மரம். தட்டினால் அவளுக்கு அது சவால். மறுபடி ச்சிக் ச்சிக். மறுபடி டொக் டொக். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

“தெய்வமே சொல்லிடுச்சுப்பா. இனிமே யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? தட்டு மாத்திக்கலாம்.”

அப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே ஓடினார். தட்டு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு இல்லை என்றால் தெரு முழுவதும் பேசும்.

அந்தக் கூடத்தில் இரண்டு சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் சட்டப்படி பல்லி கத்தினால் உண்மை. யாழினியின் சட்டப்படி பல்லி கத்தினால் பொய். பெரியவர்கள் அவள் மறுக்க மறுக்க மகிழ்ந்தார்கள். இரண்டு சட்டமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தேன். ரேவதியை மறந்துவிட்டேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் மடியில் ஏறி அந்தக் கதையை முழுதாகச் சொல்லாமல் யாழினி விட்டதே இல்லை.

ரேவதி தறியையே பார்த்தாள். கம்பெனியில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாமே, அந்தப் பார்வை.

“மாமா, இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

“உன் இஷ்டம்மா” என்றார் அவர், சாட்சி சொல்லப் பல்லி இருக்கும் தைரியத்தில். ச்சிக் ச்சிக்.

“அத்தை, நீங்க சொல்லுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “நான் இன்னாமா தனியா சொல்லப்போறேன். அவரு சொன்னதுதான். நீ தாராளமா வேலைக்குப் போ.”

இந்த முறை குழிக்குள் இருந்து வந்த சத்தம் எந்தப் பல்லிக்கும் சாத்தியம் இல்லாதது. கடைசியில் ஒரு இருமலும் வந்தது.

ரேவதி வேட்டியைத் தூக்கினாள். “மேல வா.”

தலையெல்லாம் தூசியும் பட்டு நூலுமாக, வாயெல்லாம் சாக்லேட்டுமாக யாழினி ஏறி வந்தாள். அப்போதும் அத்தை நம்பிக்கையை விடவில்லை. “கொழந்த பல்லியப் புடிக்க எறங்கிருக்குது போல” என்றார்.

“எதுக்குடி கத்துன?” என்று ரேவதி கேட்டாள்.

யாழினி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சத்தியம் வாங்கியவள் நான். அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் பாதி இருந்தது. ‘ஒண்ணும் இல்ல, விளையாட்டு’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அது முழுதாக அங்கேயே இருக்கும். வெற்றிலைத் தட்டோடு அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். நான் யாழினி பக்கம் திரும்பினேன்.

“சொல்லு கண்ணு. யாரும் திட்ட மாட்டாங்க.”

யாழினி மோதிரக் கையைக் காட்டினாள். “இந்த ஆயாதான் கார்ல சொன்னாங்க. வேலைக்குப் போலாம்னு இப்போதிக்கி சொல்லிடுங்க, கல்யாணம் ஆயி ஒரு மாசத்துல நிறுத்திடலாம், அங்க போயி வாயத் தொறந்து காரியத்தக் கெடுக்காதீங்கன்னு. அப்பறம் சாக்லேட் குடுத்தாங்க.”

ச்சிக் ச்சிக் ச்சிக்.

டியூப் லைட்டுக்குப் பின்னால் இருந்து.

அத்தை தரையைத் தட்டினார். அப்பா தட்டினார். அம்மா வெற்றிலைத் தட்டையே தட்டினார். மில்காரர் நாற்காலியைத் தட்டினார். மாப்பிள்ளை செல்போனைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, தறிமரத்தில் பவழ மோதிரம் டொக் டொக்கென்று தட்டியது. தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்தது. மரத்தின் மேலேயே அப்படியே நின்றுவிட்டது.

“மா, அது நான் இல்ல” என்றாள் யாழினி.

நாற்காலிகள்

போய் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஆயா என்று கூப்பிட்டதுதான் அந்த அம்மாவுக்கு அதிக வருத்தம் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் செருப்பு மாட்டும்போது திரும்பி, “சாரிங்க” என்று ரேவதியிடம் சொன்னார். போன் வரவில்லை, வரும் என்று நாங்களும் பார்க்கவில்லை.

சரோஜா அத்தை உடனே கட்சி மாறிவிட்டார். முதல் பல்லி கத்தியபோதே திசை சரியில்லை என்று தனக்குச் சந்தேகம் இருந்ததாம். எல்லாரும் சந்தோஷமாக இருந்ததால் சொல்லவில்லையாம். யாழினி நியாயமாகவே வாயைத் திறந்தாள். நான் முறைத்ததும் மூடிக்கொண்டாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது ரேவதி அப்பாவுக்குக் கூச்சப் பல்லியின் கதையைச் சொன்னாள். கிச்சுகிச்சு, வால், கோயில் எல்லாம். எந்தச் சட்டத்தில் யாழினி கத்தினாள் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நெய்வதே இல்லை. அறுந்து போகாத இழையை அறுந்தது போல் தேடிக்கொண்டிருந்தார்.

ரேவதி பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குக் காலையில் கம்பெனி பஸ் இருந்தது. அது இருக்கிறது என்ற நிம்மதியும் அப்பா முகமும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமல் அவள் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“கோவமாப்பா?”

“எனக்கு இன்னாம்மா கோவம். நல்லதுதான் நடந்துச்சு. வேற எடம் வராமயா பூடும்.” அப்பா இழையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

யாழினி தறிக்குழியின் ஓரத்தில் அவர் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்துக்குப் போவதையும் பார்த்தேன். வந்துவிடும் என்று நினைத்தேன். அவள் தாத்தாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

அப்பா அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு விரலை மடக்கி, தறிமரத்தில் மெதுவாக, டொக் டொக்கென்று தட்டினார்.